மரத்த விரல்களின் மருத்துவர்: பால் பிராண்ட் (1914–2003)

சட்டைப் பொத்தானில்தான் முதலில் தெரிந்தது. போன நவம்பரில் ஒரு காலை, அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இடது கை மணிக்கட்டுப் பொத்தானைப் போட முயன்றபோது வலது கை சொன்னபடி கேட்கவில்லை. சுண்டுவிரலும், மோதிர விரலில் அதை ஒட்டிய பாதியும் பஞ்சு சுற்றியதுபோல் இருந்தன. தூங்கும்போது கையை மடக்கி வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். அதுதான் நான் செய்த தவறு. அதன்பிறகு மூன்று வாரம் தினமும் அதே தவறைச் செய்தேன்.

நான் இருப்பது பார்க்கிங்கில். வண்டி நிறுத்துகிற இடமல்ல, கிழக்கு லண்டனில் ரோடிங் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். (இந்தப் பெயரைக் கேட்டு ஊரில் அம்மா இன்னும் சிரிக்கிறாள்.) இங்கிருந்து டவர் ஹில் வரை, 2010இல் திறந்த சைக்கிள் தடம் ஒன்று போகிறது. ஏ13 நெடுஞ்சாலையை ஒட்டி பெக்டன், கானிங் டவுன், பாப்லர், லைம்ஹவுஸ் என்று போய் கேபிள் தெருவில் நுழையும். ஐந்து வருடமாக அதுதான் என் பாதை. குனிந்து ஓட்டுகிற வளைந்த கைப்பிடி கொண்ட சைக்கிள், ஒல்லியான டயர், அதில் கல்லைப்போல் இறுக்கி அடித்த காற்று. சீக்கிரம் போகலாம் என்பதைத் தவிர வேறெதையும் நான் யோசித்ததில்லை.

டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இழுத்தார். இடது கை பிடித்துக்கொண்டது. வலது கையில் கட்டைவிரலின் நுனி தானாக மடங்கியது, காகிதம் நழுவிப் போனது. அல்னார் நரம்பு மணிக்கட்டில் நசுங்கியிருக்கிறது, சைக்கிள்காரர்களுக்கு வருவதுதான் என்றார். இதையே கவனிக்காமல் விட்டால் உள்ளங்கையின் சிறு தசைகள் சுருங்கிப்போய் கடைசி இரண்டு விரல்களும் கொக்கிபோல் மடங்கிவிடும் என்று சொல்லித் தன் விரல்களை மடக்கியும் காட்டினார். அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். சிறுவயதில் எங்களூர்க் கோயில் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் கை அது. அதில் காசு போடும்போது கை பட்டுவிடக்கூடாது என்று பாட்டி என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பாள்.

பிறகு என்னைக் கவனித்த கை சிகிச்சையாளரிடம் இதைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. நரம்பு அதுவேதான், கை மடங்குகிற விதமும் அதுவேதான் என்றார். தாங்கள் படித்த கை இயக்கவியல் பாடப்புத்தகத்தை எழுதியவர் அந்தக் கைகளிலிருந்துதான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார், வேலூரில் இருந்தவர், பெயர் பால் பிராண்ட் என்றார். வேலூர் என்பதை அவர் உச்சரித்த விதத்தில் அது எந்த ஊர் என்று புரியவே எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. வீட்டுக்கு வந்து தேடியபோது அந்த ஆங்கிலேயர் சிறுவயதில் வளர்ந்த இடம் கொல்லிமலை என்று கண்டது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற மலை. வல்வில் ஓரியையும் கொல்லிப்பாவையையும் பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு இந்த மனிதரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. நாலு மாதம் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று தடை இருந்ததால் ரயிலில் போய்வரும் நேரமெல்லாம் அவரைப் பற்றிப் படித்தேன்.

1914 ஜூலை 17இல் பால் வில்சன் பிராண்ட் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் கட்டட வேலை தெரிந்தவர். தாய் ஈவ்லின் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்றவர். இருவரும் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியர்களாக வந்து, மலேரியாவுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் ஏறத் தயங்கிய அந்த மலையில் குடியேறினார்கள். ஜெஸ்ஸி பிரசங்கத்தோடு தச்சுவேலையும் வைத்தியமும் செய்தார். மலைமக்களின் கால்களிலிருந்து நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல், நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தெடுப்பார். சிறுவன் பாலுக்கு இதைப் பார்த்தாலே குமட்டும். டாக்டராகவே கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டானாம்.

அந்த நாள்களின் ஒரு சம்பவத்தை அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஒருநாள் மூன்று பேர் வீட்டுப்பக்கம் வந்தார்கள். எந்த நோயாளியையும் கூச்சமின்றித் தொடுகிற தந்தை அன்று கையுறை போட்டுக்கொண்டார். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு அனுப்பினார். அவர்கள் தொட்ட கூடையை எரித்துவிட்டார்கள். பிள்ளைகள் அந்த இடத்தில் விளையாடவும் தடை. வந்தவர்கள் தொழுநோயாளிகள். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த அந்த வீட்டிலும் என் பாட்டியின் பயம்தான் இருந்திருக்கிறது.

1923இல், ஒன்பது வயதில், படிப்புக்காக லண்டனில் அத்தைமார் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பெற்றோர் கடிதங்கள் கப்பலில் வந்தன. 1929இல் ஜெஸ்ஸி மலையிலேயே கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தி உடனே வந்துவிட்டது, கப்பல் வருவதற்கு வாரக்கணக்கில் ஆனது. ஆகவே இறந்த தந்தையின் கடிதங்கள் அதன்பிறகும் வந்துகொண்டிருந்தன. மரங்களைப் பற்றி, மலையைப் பற்றி, மகனைப் பார்க்கப்போகும் நாளைப் பற்றி. வெளிநாட்டில் வாழ்கிற நம்மில் பலருக்கு அந்தத் தந்தியின் பயம் தெரியும், இப்போது அது நள்ளிரவுத் தொலைபேசியாக வருகிறது. அந்தக் கடிதங்களை மட்டும் என்னால் கற்பனை செய்துபார்க்க முடியவில்லை.

பள்ளி முடிந்ததும் தந்தையைப்போல் கட்டட வேலையையும் தச்சையும் ஐந்தாண்டு காலம் கற்றார். மிஷன் வேலைக்குப் போகிறவன் கொஞ்சம் வைத்தியமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் லேட்டனில் இருந்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தார். லேட்டன் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அந்தக் காலத்தில்தான் பக்கத்து வால்தம்ஸ்டோவின் கனாட் மருத்துவமனையில் ஓர் இரவு, விபத்தில் இரத்தமெல்லாம் இழந்து வெளிறிப்போன இளம்பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். இறந்துவிட்டாள் என்றே அவருக்குத் தோன்றியது. இரத்தம் ஏற்ற ஏற்ற அவள் கன்னத்தில் நிறம் திரும்பியதையும், கண் திறந்து தண்ணீர் கேட்டதையும் பக்கத்தில் நின்று பார்த்தார். புழுவைக் கண்டு ஓடிய பையன் மருத்துவம் படிப்பதென்று தீர்மானித்தது அன்றுதான்.

யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் படிப்பு. உலகப்போர் மூண்டதும் மாணவர்களைக் கார்டிஃபுக்கு அனுப்பினார்கள். பிறகு குண்டு விழுகிற லண்டனில் அறுவைப் பயிற்சி. கூடப்படித்த மார்கரெட் பெர்ரியை 1943இல் மணந்தார். மார்கரெட் பிற்பாடு தொழுநோயாளிகளின் கண் சிகிச்சையில் பெரிய பெயர் பெற்றார். அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதவேண்டும், யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். 1946 இறுதியில் டாக்டர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை ஆசிரியராக வந்தார். தொழுநோய் அவர் திட்டத்திலேயே இல்லை.

1947இல் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தாம் நடத்திய தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். காக்ரேன் தோல் மருத்துவர். வழியெல்லாம் தோலின் நிறமாற்றங்களைக் காட்டி விளக்கிக்கொண்டே வந்தாராம். எலும்பு மருத்துவரான பிராண்டின் கண் கைகளை விட்டு நகரவில்லை. எங்கு பார்த்தாலும் மடங்கிய விரல்கள், விரலே இல்லாத கைகள். இவை ஏன் இப்படி ஆகின்றன என்று கேட்டார். அது உங்கள் துறை, நீங்கள்தான் சொல்லவேண்டும், போலியோவுக்கும் விபத்துக்கும் ஓடிவருகிற எலும்பு மருத்துவர்களில் ஒருவர்கூட இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று காக்ரேன் காட்டமாகப் பதில் சொன்னார்.

அடுத்து நடந்தது சின்ன விஷயம். விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். உயிரில்லாத கை என்று நினைத்தவருக்கு வலியில் கத்தும் நிலை வந்தது. நகங்கள் சதையில் இறங்கின. அந்தப் பிடியின் பலம் எங்கிருந்து வந்தது? விரலை மடக்குகிற பெரிய தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன. அவை நன்றாகவே இருந்தன. விரலை அடியில் மடக்கி நுனியில் நீட்டவைக்கிற சிறு தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை கொண்டுபோகும் அல்னார் நரம்புதான் செத்திருந்தது. ஒரு பக்கம் கயிறு இழுக்க, எதிர்ப்பக்கம் ஆளில்லாத நிலை. கை அழுகவில்லை, சமநிலை இழந்திருக்கிறது. பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு தொழுநோயாளியின் கையை யாராவது பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை ஒரு எலும்பு மருத்துவர்கூட அதைச் செய்திருக்கவில்லை.

பிராண்டும் உதவியாளர்களும் அந்த மருத்துவமனை நோயாளிகளின் கைகால்களைப் பரிசோதித்து, எந்தத் தசை போயிருக்கிறது, எந்த இடம் மரத்திருக்கிறது என்று பதிவு செய்தார்கள். எல்லோரிடமும் ஒரே வரிசை தெரிந்தது. இறந்த நோயாளி ஒருவரின் உடலை ஆராயும் வாய்ப்பு கிடைத்தபோது, வேலூரிலிருந்து விரைந்து போய் நரம்புகளை முழு நீளத்துக்கும் திறந்து பார்த்தார்கள். முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டில், முழங்காலில், கணுக்காலில் நரம்பு வீங்கியிருந்தது. ஆழத்தில் ஓடும் இடங்களில் சாதாரணமாக இருந்தது. தோலை ஒட்டிய, உடம்பில் கொஞ்சம் குளிர்ந்த பகுதிகளையே அந்தக் கிருமி விரும்புகிறது. அங்கே வீங்குகிற நரம்பு தன் உறைக்குள்ளேயே நெரிபட்டுச் சாகிறது.

இந்த இடத்தில் என் சைக்கிளுக்கு வருகிறேன். அல்னார் நரம்பு முழங்கையில் எலும்பை ஒட்டிப் போகிறது. தெரியாமல் இடித்துக்கொண்டால் ‘ஷாக்’ அடிக்கிறதே, அந்த இடம். பிறகு மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கத்து மேட்டின் அடியில், இரண்டு சிறு எலும்புகளுக்கு நடுவே ஒரு குறுகிய கால்வாயில் நுழைகிறது. 1861இல் இதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெலிக்ஸ் கியோனின் பெயர்தான் அதற்கு. (கியோன் பிறந்தது ரெயூனியன் தீவில், நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன தீவு.) குனிந்து சைக்கிள் ஓட்டுகிறவன் தன் மேலுடம்பின் பாரத்தை அந்த மேட்டின் மேல் இறக்குகிறான். மணிக்கட்டு பின்னால் வளைந்திருக்கிறது. சாலையின் அதிர்வு கைப்பிடி வழியாக ஏறுகிறது. கிருமி உள்ளிருந்து செய்வதை இவன் வெளியிலிருந்து, காசு கொடுத்து வாங்கிய சைக்கிளில், செய்துகொள்கிறான். பெரும்பாலும் இது திரும்பிவிடுகிற சேதம் என்பதுதான் வித்தியாசம். பிராண்ட் இறந்த அதே 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 600 கிலோமீட்டர் ஓட்டிய 25 பேரைப் பரிசோதித்ததில் 23 பேருக்குக் கையில் மரத்துப்போதலோ பலவீனமோ இரண்டுமோ இருந்தன. நான் விதிவிலக்கு அல்ல என்று தெரிந்ததில் ஒரு அற்ப ஆறுதல்.

1948 முதல் பிராண்ட் அறுவை சிகிச்சைகளைத் தொடங்கினார். முன்னங்கையில் உயிரோடு இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, கிளைகளாகப் பிரித்து, உள்ளங்கை வழியே விரல்களுக்குக் கொண்டுபோய்த் தைப்பது. செத்த தசையின் வேலையை இது பார்க்கும். தசைநாணை இடம் மாற்றுவது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஸ்டெர்லிங் பன்னல் 1944இலேயே கை அறுவை சிகிச்சைக்குப் பெரிய நூல் எழுதியிருந்தார். தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அறுத்தால் ஆறாது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, அது மற்றவர் சதையைப்போலவே ஆறுகிறது என்று வேலூரில் செய்து காட்டியதுதான் அவருடைய சாதனை. சிலர் எழுதுவதுபோல் எல்லாவற்றையும் அவர் ஒருவர் தலையில் ஏற்றுவதும் சரியல்ல. அங்கே தமிழ்நாட்டு மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் தச்சர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள்.

கை சரியான பிறகு வந்த பிரச்சினையை யாரும் எதிர்பார்க்கவில்லை. குணமாகிப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, நீங்கள் கொடுத்த கை பிச்சை எடுக்கக்கூட உதவவில்லையே என்று முறையிட்டார். மடங்கிய கைக்குக் காசு போட்டவர்கள் நல்ல கைக்குப் போடவில்லை. நோயின் தழும்பு தெரிவதால் வேலையும் வீடும் யாரும் தரவில்லை. இதிலிருந்து பிறந்ததுதான் வேலூரில் தொடங்கிய புதுவாழ்வு மையம். குடிசைகள், ஒரு தச்சுப்பட்டறை. ஐந்தாண்டு தச்சு கற்ற பிராண்ட் அங்கே மரபொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். தான் வீணாக்கியதாக நினைத்த வருடங்கள் அங்கேதான் கைகொடுத்தன என்று பின்னாளில் சொன்னார்.

பட்டறையில் வேலை செய்தவர்களின் கைகளில் தினமும் புதுப்புண் வந்தது. நோய்தான் விரலைத் தின்கிறது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடச்சொன்னார். ஒருநாள் அவர் துருப்பிடித்த பூட்டைத் திறக்கமுடியாமல் தவித்தபோது, ஒரு பையன் சாவியை வாங்கிச் சட்டெனத் திருப்பித் திறந்துவிட்டான். அவன் பலசாலி அல்ல. சாவி எலும்புவரை அறுத்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. சூடான டம்ளர், விளக்கின் கண்ணாடி, சுத்தியல் பிடியின் சிம்பு என்று ஒவ்வொன்றாக அகப்பட்டன. இரவில் விரல் காணாமல் போவதற்கு மட்டும் காரணம் தெரியவில்லை. விழித்திருந்து பார்த்தபோது எலிகள். தூங்குகிறவனுக்கு வலிக்காது, ஆகவே எழமாட்டான். அதன்பிறகு வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பூனை கொடுத்தனுப்பினார்கள். விரல்களைத் தின்றது நோயல்ல, வலி இல்லாமல் போனதுதான் என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான். பிடிகளைத் தடிமனாக்கினார்கள், வழவழப்பாக்கினார்கள். காலுக்கு நுண்துளை ரப்பர் செருப்பு செய்தார்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது. விசையைக் குறைக்கமுடியாவிட்டால் பரப்பைக் கூட்டு. ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான்.

அவரே ஒரு இரவு நோயாளியாக இருந்திருக்கிறார். அமெரிக்கப் பயணம் முடிந்து கப்பலில் இங்கிலாந்து வந்து, காய்ச்சலோடு லண்டன் ரயிலில் மூலையில் சுருண்டு உட்கார்ந்து வந்தார். இரவு அறையில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. இத்தனை வருடம் நோயாளிகளோடு இருந்ததன் பலன் வந்துவிட்டது என்று நினைத்தார். மனைவியை, பிள்ளைகளைத் தொடாமல் வாழவேண்டிய வாழ்க்கையை இரவெல்லாம் கற்பனை செய்தார். மறுவேலைக்கு ஆள் தேடுவதுவரை யோசித்தாராம். விடிந்ததும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மீண்டும் ஊசியைக் குத்தினார். அலறிவிட்டார். ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்ததில் நரம்பு நசுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உலகத்தில் இந்த விஷயத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் ஒரு சிலர்தான் இருந்திருப்பார்கள். அந்த இரவில் அந்த அறிவு எதுவும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. என் விரல் மரத்த மூன்று வாரமும் வலைத்தளங்களில் என்னென்ன நோய்களைத் தேடினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷிஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் உருவானது. 1960இல் லாஸ்கர் விருதும், 1961இல் சி.பி.இ. பட்டமும் பிராண்டுக்குக் கிடைத்தன. 1966இல் அமெரிக்காவில் லூயிசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய் இருபதாண்டு பணியாற்றினார். அங்கே பணம் இருந்தது, மின்னணுப் பொறியாளர்கள் இருந்தார்கள். ஆகவே ஒரு திட்டம் தீட்டினார். வலி இல்லாதவர்களுக்குச் செயற்கை வலி கொடுப்பது. கையுறையில் அழுத்த உணரிகள், அளவு மீறினால் காதில் ஒலி. வருடக்கணக்கில் உழைத்தார்கள். உணரிகள் அடிக்கடி பழுதாயின. அதைவிடப் பெரிய பிரச்சினை, ஒலி வந்தும் நோயாளிகள் செய்கிற வேலையை நிறுத்தவில்லை. வெளிச்சம் காட்டினார்கள், பயனில்லை. கடைசியில் உணர்ச்சி மிச்சமுள்ள அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அப்போது நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள். பிராண்ட் திட்டத்தைக் கைவிட்டார். அதைத் தோல்வி என்றே எழுதியிருக்கிறார்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நள்ளிரவில் செர்வர் அனுப்பும் எச்சரிக்கையை மௌனமாக்கிவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அணைக்க முடிகிற எச்சரிக்கையை மனிதன் அணைப்பான். என் விரல் பாப்லர் தாண்டும்போதே மரக்கத் தொடங்கும், கையை ஒரு உதறு உதறிவிட்டு மிதிப்பேன்.

கார்வில்லில் அவர் செய்த இன்னொரு சோதனை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. எலிகளின் பாதத்தில் காயம் செய்யாத அளவு மிதமான அழுத்தத்தை இயந்திரம்கொண்டு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை கொடுத்தார்கள். நாள்கள் செல்லச் செல்லப் பாதம் வீங்கிப் புண்ணானது. அழுத்தம் அதேதான், தடவையைக் கொஞ்சம் குறைத்து இடையிடையே ஓய்வு கொடுத்தபோது பாதம் புண்ணாகாமல் தடித்துத் தன்னைக் காத்துக்கொண்டது. நலமாக இருப்பவன் நெடுந்தூரம் நடக்கும்போது அறியாமலே பாதம் ஊன்றும் விதத்தை மாற்றிக்கொள்கிறான், வலி இழந்தவன் கடைசிவரை ஒரே மாதிரி ஊன்றுகிறான் என்று கவனித்தார். அவருடைய இந்தப் பாடங்கள் பின்னர் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பாற்றப் பயன்பட்டன. தொழுநோய்க்கென உருவான காலணியும் மாவுக்கட்டும் இன்று நம் வீடுகளில் பலருக்கு வேண்டியிருக்கிறது.

சிகிச்சையாளர் எனக்குச் சொன்னதெல்லாம் இதன் நீட்சிதான். முதலில் முழு ஓய்வு. பிறகு கைப்பிடியை உயர்த்தி, கிட்டே கொண்டுவந்து பாரத்தைக் கையிலிருந்து இருக்கைக்கு மாற்றுவது. இருக்கையின் முன்மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சரிந்து கையில்தான் இறங்கும், அதை மட்டமாக்குவது. மணிக்கட்டு நேராக, முழங்கை கொஞ்சம் தளர்ந்து இருக்கவேண்டும். அகலமான டயர், குறைந்த காற்று. மெத்தை வைத்த கையுறை உதவும், ஆனால் மெத்தை தவறான இடத்தில் குவிந்திருந்தால் அதுவே நரம்பை அழுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, சில நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றிக்கொண்டே இருப்பது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, கார்ப்பல் டனல், அதற்கு இரவில் மணிக்கட்டுப் பட்டை, தேவைப்பட்டால் ஊசி, பிறகே அறுவை. மரப்பு இறங்கிய பிறகும் போகாமல் நின்றாலோ, பிடி பலவீனமானாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை குழிந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போகவேண்டும். மரப்பே இல்லாமல் பலவீனம் மட்டும் வருவதும் உண்டு, உள்ளங்கைக்குள் போகும் கிளை மட்டும் நசுங்கினால் அப்படி ஆகும். இதை யாரும் முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

பிராண்டின் நூல்களில் மத நம்பிக்கை நிறைய வரும். பிலிப் யான்சியுடன் சேர்ந்து எழுதியவற்றில் இன்னும் அதிகம். எனக்கு அந்தப் பக்கங்களில் ஈடுபாடு இல்லை, தாண்டிப் போனேன். வலியை ஒரு கொடை என்று அவர் சொல்வதும் தீராத வலியோடு வாழ்கிறவர்களிடம் எடுபடுமா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. 1985இல் வந்த கை இயக்கவியல் நூலை நூலகத்தில் வாங்கிப் புரட்டினேன். பாதி புரியவில்லை, ஆனால் கயிறும் கப்பியும் நெம்புகோலுமாக அவர் கையைப் பார்க்கிற விதத்தில் அந்தப் பழைய தச்சர் தெரிகிறார்.

தாய் ஈவ்லின் கதை இன்னொரு ஆச்சரியம். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் இங்கிலாந்து திரும்ப மறுத்து, மலைகளிலேயே குதிரையிலும் கோல் ஊன்றியும் சுற்றிவந்து, 1974இல் 95ஆம் வயதில் தமிழ்நாட்டிலேயே இறந்தார். கணவரின் பக்கத்தில் கொல்லிமலையில் அடக்கம். 1980களிலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை தொழுநோயைக் குணமாக்கிவிடுகிறது. 2005இல் இந்தியா அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கும் மேல் இன்னும் நம் நாட்டில்தான். மருந்து கிருமியைக் கொல்லும், செத்த நரம்பை எழுப்பாது. கரிகிரியில் இன்றும் கைகளைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பிராண்ட் 1986இல் ஓய்வு பெற்று சியாட்டிலில் குடியேறினார். 2003 ஜூலை 8இல், கீழே விழுந்ததில் தலையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் இறந்தார். மார்கரெட் 2014இல் மறைந்தார்.

தடை நீங்கியதும் முதல் சனிக்கிழமை வால்தம்ஸ்டோவுக்குச் சைக்கிளில் போனேன். கனாட் மருத்துவமனை இருந்த ஓர்ஃபோர்ட் தெருவில் இப்போது கார்கள் பெரும்பாலும் வருவதில்லை. நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும்தான். மருத்துவமனை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. கைப்பிடியை உயர்த்தியதில் என் சைக்கிள் இப்போது போஸ்ட்மேன் சைக்கிள் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது, இளவட்டங்கள் முந்திக்கொண்டு போகிறார்கள். வழியில் ஏழு தடவை பிடி மாற்றினேன், எண்ணிக்கொண்டே வந்தேன். இறங்கிக் கையுறையைக் கழற்றியபோது குளிர் நாலு விரலிலும் உடனே தெரிந்தது. சுண்டுவிரலில் கொஞ்சம் தாமதித்துத் தெரிந்தது.